ஒட்டுப் பொருத்தம்: சப்போட்டாவுக்கு உகந்த வேர்ச்செடி எது?

நெல், கேழ்வரகு, வேர்க்கடலை முதலிய பயிர்களில் ஒரு போகத்தில் நேர்ந்த பிழையை மறு போகத்தில் திருத்திக்கொள்ளலாம். பழத்தோட்டத்தில் அவ்வாறு இயலாது. கன்று நட்ட அன்று மண்ணுக்குள் இறங்கிய வேர் எதுவோ, அம்மரம் உள்ளவரை அதைத் தாங்கி நிற்பதும் அதுவே. செங்கற்பட்டு ஜில்லாவில் திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மதுராந்தகம், செய்யூர் வட்டங்களின் மேட்டு நிலங்களிலும், மாமல்லபுரத்தை அடுத்த கடலோரத்திலும் சப்போட்டா வைக்க விரும்பும் குடியானவர்கள் பலர் உளர். அவர்கள் எந்த ரகம், என்ன விலை என்று விசாரித்து அறிகின்றனரேயன்றி, அக்கன்று எந்த மரத்தின் வேரின்மேல் ஒட்டப்பட்டது என்று கேட்பவர் சிலரே. இக்கேள்வியே முதன்மையானது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒட்டு என்பது யாது

ஒட்டுச்செடியில் இரண்டு உயிர்கள் சேர்ந்து ஒரு மரமாக நிற்கின்றன. மண்ணில் வேரூன்றி நீரும் உப்பும் ஏற்றித் தரும் அடிப்பாகத்துக்கு வேர்ச்செடி என்றும், அதன்மேல் பொருத்தப்பட்டுக் கிளைத்துப் பூத்துக் காய்க்கும் மேற்பாகத்துக்கு ஒட்டுக்கிளை என்றும் பெயர். ஒட்டுக்கிளையை எந்தத் தாய்மரத்திலிருந்து எடுத்தோமோ, பழமும் அந்தத் தாய்மரத்தின் பழமாகவே இருக்கும். வேரின் இனம் பழத்தின் ஜாதியை மாற்றாது. ஆனால் மரத்தின் பருமன், வறட்சியைத் தாங்கும் திறன், காய்ப்புக்கு வரும் காலம், காய்ப்பின் அளவு, ஆயுள் ஆகிய அனைத்திலும் வேருக்குப் பங்கு உண்டு.

மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மிக மெல்லிய பசுமையான படலம் ஒன்று உளது. மரம் பருப்பது இப்படலத்தினாலேயே ஆகும். ஒட்டுக் கட்டும்போது இரு செடிகளின் வெட்டுவாய்களில் உள்ள இப்படலங்கள் ஒன்றோடொன்று நெருங்கித் தொட வேண்டும். அங்ஙனம் தொட்டால் முதலில் இரு பக்கத்திலும் மென்மையான சதை வளர்ந்து இடைவெளியை நிரப்பும். பிறகு அச்சதையின் ஊடே இரு படலங்களும் ஒன்றாய் இணையும். அதன் பின்னர், நீர் மேலேறும் குழாய்களும் இலையில் சமைத்த உணவு கீழிறங்கும் குழாய்களும் தொடர்பு பெறும். இம்மூன்றாம் நிலை முற்றுப்பெற்றால்தான் ஒட்டு பொருந்தியது எனலாம். மென்சதை வளர்வது மட்டும் பொருத்தமாகாது. காயம்பட்ட எந்த மரமும் அவ்வாறு சதை வளர்க்கும்.

உறவின் படிகள்

எந்த மரத்தை எதன்மேல் ஒட்டலாம் என்பதற்கு முதல் வழிகாட்டி உறவுமுறையே. ஒரே இனத்தின் ஒரு ரகத்தை மற்றொரு ரகத்தின்மேல் ஒட்டுவது எளிது. நாட்டு மாங்கன்றின்மேல் பங்கனப்பள்ளியை ஒட்டுவது இவ்வகை. அடுத்த படி, ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்கள். சீத்தாவை ராமசீத்தாவின்மேல் ஒட்டுவது இதற்கு உதாரணம். 1860-ஆம் வருஷங்களில் தொடங்கிப் பிரான்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களை வேர்ப்பேன் அழித்தபோது, அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கத் திராட்சை இனங்களின் வேரில் ஐரோப்பியத் திராட்சையை ஒட்டியே அத்தொழிலை மீட்டனர். அதுவும் இப்படியைச் சேர்ந்ததே.

மூன்றாவது படி, ஒரே குடும்பத்தின் வெவ்வேறு பேரினங்கள். இங்கு நிச்சயம் குறைகிறது. சில பொருந்தும், பல பொருந்தா. மாவும் முந்திரியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் நம் கடலோர மணலில் அருகருகே வளர்பவை. எனினும் மாவுக்கு முந்திரி வேர்ச்செடியாக எங்கும் வழங்கவில்லை. நான்காவது படியாகிய வெவ்வேறு குடும்பத்து மரங்கள் நிலையாக ஒட்டுவதில்லை. மாவும் கொய்யாவும் சப்போட்டாவும் ஒரே அடிமரத்தில் காய்க்கும் என்று எவரேனும் கூறி ஒரு கன்றை விற்பாராயின், ஒரே தொட்டியில் மூன்று கன்றுகளை நெருக்கி நட்டிருக்கக் கூடும் என்று அடிமண்ணைக் கிளறிப் பார்த்துக்கொள்வது நலம். ஒரு மாமரத்தில் நான்கு ரக மாங்கிளைகளை ஒட்டுவது வேறு, இது வேறு.

உயிர் பிடிப்பதும் பொருந்துவதும் ஒன்றன்று

உறவு நெருங்கியிருத்தல் ஒட்டுக்கு வேண்டிய தகுதியேயன்றி, அதுவே வெற்றிக்குச் சாட்சி ஆகாது. ஐரோப்பிய தேசங்களில் பேரி மரத்தைக் குட்டையாக வளர்க்கக் குயின்ஸ் என்னும் சீமைமாதுளையின் வேரில் ஒட்டுவது நெடுநாள் வழக்கம். இவை வெவ்வேறு பேரினங்கள். சில பேரி ரகங்கள் நன்கு பொருந்துகின்றன. பார்ட்லெட் என்னும் பேர்பெற்ற ரகமோ அவ்வேரில் நிலைப்பதில்லை. சீமைமாதுளையின் திசுவில் உள்ள ஒரு பொருள் பேரியின் பட்டைக்குள் ஏறியதும் சிதைந்து நஞ்சைப் பிறப்பித்து, ஒட்டுவாயிலுள்ள உயிர்ப்படலத்தைக் கொன்றுவிடுவதே காரணம் எனக் கண்டனர். இதற்குப் பரிகாரமாக, இரண்டுக்கும் இணங்கும் மூன்றாவது ரகத்தின் துண்டு ஒன்றை நடுவில் ஒட்டி, அதன்மேல் பார்ட்லெட்டை ஒட்டுகின்றனர்.

இதனால் அறிய வேண்டியது யாதெனின், பொருத்தமின்மை உடனே வெளிப்படலாம், சில வருஷம் கழித்தும் வெளிப்படலாம். உடனே வெளிப்படுவது ஒருவகையில் நன்மையே. நஷ்டம் ஒரு கன்றோடு முடியும். ஆறேழு வருஷம் தழைத்து நின்று, குழியும் எருவும் தண்ணீரும் காவலும் செலவான பின்பு முறிவதே பெருநஷ்டம்.

பொருந்தாத ஒட்டின் குறிகள் வருமாறு. கிளைக்கு நீரும் உரமும் குறைவின்றியிருக்க இலை மட்டும் பருவமின்றி மஞ்சளிக்கும். கன்று வயதுக்கு மீறிப் பூத்துக் குலுங்கும், ஆனால் துளிர்ப்பு நின்றுவிடும். ஒட்டுவாய்க்கு மேலே தண்டு பானை போல வீங்கும். ஒட்டுவாய்க்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து தளிர்கள் ஓயாது கிளம்பும். முடிவில் காற்றில் மரம் ஒட்டுவாயிலேயே முறியும். நல்ல ஒட்டு முறியும்போது நார்நாராய்ப் பிளந்து முறியும். பொருந்தாத ஒட்டோ கத்தியால் அறுத்தாற்போல் வழுவழுப்பாக விலகும். ஆயினும் மேல்தண்டும் கீழ்த்தண்டும் பருமனில் சிறிது வேறுபடுவது மட்டும் குற்றமன்று. இரண்டின் வளர்ச்சி வேகம் வேறாயின் அவ்வாறு நேர்வதுண்டு. மேற்சொன்ன குறிகளுள் இரண்டு மூன்று சேர்ந்து காணப்பட்டாலே சந்தேகிக்க வேண்டும்.

சப்போட்டாவின் உறவினர்

சப்போட்டா நம் நாட்டு மரமன்று. மெக்சிகோவின் தென்பகுதியும் மத்திய அமெரிக்காவும் அதன் பிறப்பிடம். அங்கே அதன் பாலைக் காய்ச்சி மெல்லும் பிசின் செய்தனர். இந்தியாவில் 1898-ஆம் வருஷத்தில் பம்பாய்க்கு வடக்கேயுள்ள கோல்வட் என்னும் கடற்கரை ஊரில் இதைத் தோட்டமாக வைத்தனர் என்பர். அப்பகுதியின் சப்போட்டா 2016-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றது. கடற்காற்று வீசும் நிலம் இம்மரத்துக்கு ஒவ்வாததன்று என்பதற்கு இது தக்க சான்று.

தமிழில் இதற்குச் சீமையிலுப்பை என்று ஒரு பெயர் உண்டு. இலையும் பாலும் பழத்தின் சதையும் இலுப்பையை நினைவூட்டியதால் வந்த பெயர் போலும். பெயரைக் கொண்டு பார்த்தால் இலுப்பையே இதற்கு ஏற்ற வேர்ச்செடி என்று தோன்றும். இலுப்பை நம் ஜில்லாவில் எளிதில் கிடைப்பது, விரைந்து முளைப்பது. மகிழ மரமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இவ்விரண்டின்மேலும் சப்போட்டாவை ஒட்டிப் பார்த்ததுண்டு. குடும்ப உறவினால் ஒட்டு உயிர் பிடிப்பதும் உண்டு. ஆனால் மரத்தின் செழிப்பிலும் காய்ப்பிலும் இவை பாலா மரத்துக்கு ஈடாகவில்லை.

பாலா எனவும் பாலை எனவும் வழங்கும் இம்மரத்துக்கு உலக்கைப்பாலை என்றும் பெயர். நெல் குத்தும் உலக்கைக்கு ஏற்ற கனத்த வைரக்கட்டை உடையது. மஞ்சள் நிறமான சிறு பழம் தித்திப்பாயிருக்கும், தின்றால் உதட்டில் பிசின் ஒட்டும். சோழமண்டலக் கரையை ஒட்டிய உலர் பசுமைக்காடுகளில் காசா, வீரை முதலிய மரங்களோடு இது முதன்மையான மரம். இலங்கையின் வறண்ட காடுகளிலும் வளர்கிறது. ராக்ஸ்பர்க் என்னும் தாவர நூலார் சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி வெளியிட்ட நூலில் 1795-ஆம் வருஷத்திலேயே இதை வருணித்துப் பெயரிட்டார்.

அவர் இதை மகிழ மரத்தின் பேரினத்தில் சேர்த்திருந்தார். சப்போட்டாவோ அக்காலத்தில் வேறொரு பேரினத்தில் இருந்தது. அக்கணக்கின்படி பாலாவும் மகிழும் உடன்பிறந்தவை, சப்போட்டா தூரத்து உறவு. ஆனால் 1915-ஆம் வருஷத்தில் துபார் என்பவர் பாலாவை மகிழினின்று பிரித்து மனில்காரா என்னும் பேரினத்தில் வைத்தார். 1953-ஆம் வருஷத்தில் வான் ராயன் என்பவர் சப்போட்டாவையும் அதே பேரினத்தில் சேர்த்தார். இரண்டின் பூவிலும் புறவிதழும் மகரந்தத் தாளும் ஆறாக அமைந்திருப்பதைக் குடியானவர்களும் எண்ணிப் பார்க்கலாம். ஆக, நூலில் இவ்விரண்டும் ஒரே பேரினமாக எழுதப்படுமுன்னரே ஒட்டுக்கத்தி இவற்றின் உறவைக் காட்டிவிட்டது. பெயரையும் புறத்தோற்றத்தையும் நம்பாமல், ஒட்டி வளர்த்துப் பல வருஷம் அளந்து பார்ப்பதே பொருத்தம் அறியும் வழி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அவ்வாறு அளந்து பார்க்கும் வேலை மதராஸ் மாகாணத்தில் 1935-ஆம் வருஷத்தில் கடப்பை ஜில்லாக் கோடூரில் நிறுவப்பட்ட பழ ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெற்றது. பல வேர்ச்செடிகளில் ஒட்டிய சப்போட்டாக்களுள் பாலாவின்மேல் நின்றவையே செழிப்பிலும் விளைவிலும் முந்தின. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சப்போட்டாவுக்குப் பாலா வேர்ச்செடியையே பரிந்துரைக்கிறது. குஜராத்திலும் ராயன் என்ற பெயரால் இதே மரந்தான் வேர்ச்செடியாக வழங்குகிறது.

பாலை என்னும் பெயரால் வரும் மயக்கம்

பாலை என்ற பெயர் கொண்ட எல்லா மரமும் இதற்கு உதவாது. வெட்பாலையும் ஏழிலைப்பாலையும் கிள்ளினால் வெண்பால் வடிப்பவை, பெயரிலும் பாலை உடையவை. ஆயினும் அவை அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சப்போட்டாவுக்கும் அவற்றுக்கும் உறவில்லை. அவற்றில் ஒட்டினால் கிளை சில நாள் பசுமையாய் நிற்பது அதனுள் இருந்த நீரின் பலத்தினாலேயே ஆகும், ஒட்டின் பலத்தினாலன்று. விதை சேர்க்க ஆள் அனுப்புவோர் பழத்தைக் கொண்டு அடையாளம் சொல்லி அனுப்ப வேண்டும். வெட்பாலையின் காய் நீண்ட இரட்டைக் காய், உள்ளே பஞ்சோடு கூடிய விதை. பாலாவின் பழம் சிறிய கொட்டைப்பழம், உள்ளே பளபளக்கும் செம்பழுப்பு விதை ஒன்றோ இரண்டோ இருக்கும்.

நம் கடலோரத்துக்குப் பாலா ஏன் உகந்தது

நம் ஜில்லாவில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்கிறது. தை முதல் ஆனி வரை நிலம் காய்ந்து கிடக்கும். உள்நாட்டில் சரளையும் செம்மண்ணும், கரையோரத்தில் மணலும் மிகுதி. பாலா இந்த மண்ணிலேயே, இந்தக் காற்றிலேயே, யாரும் நீர் ஊற்றாமல் வளர்ந்த மரம். அதன் வேர் ஆழமாக இறங்கிக் கோடையைத் தாங்கும். அவ்வேரின்மேல் நிற்கும் சப்போட்டா அத்தாங்கும் தன்மையில் பங்கு பெறுகிறது.

காற்றும் கருதத்தக்கது. 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் சென்னையை ஒட்டிக் கரை கடந்தது. 2022-ஆம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகிலேயே கரை ஏறிற்று. இத்தகைய காற்றில் மரத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பவை வேரின் ஆழமும் ஒட்டுவாயின் உறுதியுமே. விண்பதியம் போட்டு எடுத்த சப்போட்டாக் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. கிணற்றடியில் காற்று மறைவில் வைக்க அது உதவலாம். திறந்த கடலோர நிலத்துக்கு அது உகந்ததன்று. சப்போட்டா விதையிலிருந்தே வளர்த்த கன்றுக்கு ஆணிவேர் உண்டு. ஆனால் காய்ப்புக்கு வரப் பல வருஷம் செல்லும், தாய்மரத்தின் குணமும் அப்படியே வாராது.

பாலா நாற்று வளர்த்தல்

பாலாவுக்கு ஒரு குறை உண்டு. இளமையில் அதன் வளர்ச்சி மிகவும் மெதுவானது. விதை ஊன்றியதிலிருந்து தண்டு பென்சில் பருமன் அடைய ஏறக்குறைய 2 வருஷம் ஆகும், சிறிது கூடுதலும் ஆகலாம். ஒட்டுக் கூட 2 அல்லது 3 மாதமும், அதன்பின் கன்று தேறச் சில மாதமும் செல்லும். ஆக, விதைத்த நாளிலிருந்து நடும் கன்றுக்கு ஏறத்தாழ 3 வருஷம். வேறு வேரில் விரைவாக ஒட்டி விற்கும் ஆசை பிறப்பது இத்தாமதத்தினாலேயே. 3 வருஷத்தை மிச்சப்படுத்தி, முப்பது வருஷப் பலனைக் குறைத்துக்கொள்வது கணக்கறிந்தவர் செய்யும் காரியமன்று.

நன்கு பழுத்து உதிர்ந்த பழங்களைச் சேகரித்துச் சதையைக் கழுவி நீக்கி, நிழலில் ஈரம் உலர்த்தி, தாமதமின்றி விதைத்துவிட வேண்டும். வைத்திருந்த விதையின் முளைப்பு விரைவில் கெட்டுவிடும். ஓடு கெட்டியாதலால் விதையை ஒரு நாள் நீரில் ஊறவைத்து ஊன்றலாம். மணலும் மட்கிய எருவும் செம்மண்ணும் கலந்த மேட்டுப்பாத்தியில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, வைக்கோல் மூடாக்கிட்டு, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். எல்லா விதையும் ஒருங்கே முளைக்கமாட்டா. ஆகையால் பாத்தியை அவசரப்பட்டுக் கலைக்கலாகாது. நாற்று நான்கைந்து இலை விட்டதும் ஆணிவேர் அறாமல் எடுத்து உயரமான பாலிதீன் பைகளில் மாற்றி, பாதி நிழலில் வைத்து வளர்க்க வேண்டும். பை தரையில் நீண்ட நாள் இருந்தால் வேர் அடியால் மண்ணில் இறங்கிவிடும். மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றி வைத்தல் நலம்.

ஏக்கருக்கு 26 அடிக்கு 26 அடி இடைவெளியில் சுமார் 64 மரம் நிற்கும். முளையாதவை, மெலிந்தவை, ஒட்டுக் கூடாதவை எல்லாவற்றையும் கருதி, வேண்டும் கன்றைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் விதை ஊன்றுவது நலம்.

ஒட்டுக் கட்டும் முறை

சப்போட்டாவுக்கு நெடுங்காலமாகக் கையாளப்பெறுவது நெருக்கு ஒட்டு. பையிலுள்ள பாலா நாற்றைத் தாய்மரத்தின் கிளையருகே பரண் கட்டி வைக்க வேண்டும். தாய்மரம் நோயற்றதாய், வருஷந்தோறும் தவறாது காய்ப்பதாய் இருத்தல் அவசியம். நாற்றின் தண்டும் கிளையும் ஒத்த பருமனாய் இருக்குமாறு தெரிந்து, இரண்டிலும் எதிரெதிரே சுமார் 2 அங்குல நீளத்துக்குப் பட்டையோடு கட்டையில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் சீவ வேண்டும். சீவல் ஒரே இழுப்பில், மேடுபள்ளமின்றி அமைய வேண்டும்.

இரண்டும் பால் வடிக்கும் மரங்கள். பால் உறைந்தால் இரு படலங்களுக்கும் நடுவே திரைபோல் நிற்கும். ஆகவே சீவியவுடன் வடியும் பாலைச் சுத்தமான ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வாய்கள் காயுமுன் பொருத்த வேண்டும். பட்டையின் விளிம்புகள் இரு பக்கமும் ஒத்து அமைந்தால் மிக நன்று. அங்ஙனம் அமையாவிடில் ஒரு பக்கமாவது விளிம்போடு விளிம்பு சேரும்படி வைக்க வேண்டும். பிறகு பாலிதீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுகச் சுற்ற வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த காலம் இதற்கு ஏற்றது. வறண்ட மேல்காற்று வீசும் நாட்கள் ஏற்றவையல்ல.

ஒட்டுக் கூடிய பின்னர் கிளையைத் தாய்மரத்தினின்று ஒரேயடியாக அறுக்கலாகாது. ஒட்டுவாய்க்குக் கீழே கிளையில் முதலில் பாதி ஆழம் வெட்டிவிட்டு, கிளை வாடாதிருக்கக் கண்டு, சில நாள் கழித்து முழுதும் அறுக்க வேண்டும். அவ்வாறே ஒட்டுவாய்க்கு மேலேயுள்ள பாலாவின் தலையையும் இரண்டு முறையாக நீக்க வேண்டும். இந்தப் பாதி வெட்டே பொருத்தத்தின் முதற் பரீட்சை. பாதி வெட்டியதும் வாடும் கிளை ஒட்டுக் கூடாத கிளை. அதை விற்கவும் ஆகாது, நடவும் ஆகாது.

கன்று வாங்குவோர் சோதிக்க வேண்டியவை

கன்றை வாங்கும்போது வேர்ச்செடியை அறிய இலையே சாட்சி. ஒட்டுவாய்க்குக் கீழே சிறு தளிர் இருக்குமாயின் அதைக் கிள்ளுமுன் உற்றுப் பார்க்க வேண்டும். பாலாவின் இலை தடித்து, நுனி மழுங்கி, பெரும்பாலும் நுனியில் சிறு பள்ளம் விழுந்திருக்கும். சப்போட்டாவின் இலை நுனி குறுகிக் கூர்மையாக முடியும். இலுப்பையின் இலை நீண்டு, கிளை நுனியில் கொத்தாய் நிற்கும். மகிழின் இலை விளிம்பு அலைபோல் நெளிந்திருக்கும். தளிர் இல்லையாயின், நாற்றங்காலில் ஒட்டாமல் மீதமுள்ள வேர்ச்செடிகளைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

ஒட்டுவாயில் வெடிப்போ பால்கசிவோ இருத்தல் ஆகாது. கட்டு நாடா தண்டை அறுத்து உள்ளிறங்கியிருக்கலாகாது. தண்டை இரு கையாலும் பிடித்து மெல்ல வளைத்தால் ஒட்டுவாய் வாய் திறவாமல் தண்டோடு சேர்ந்தே வளைய வேண்டும். பில்லில் ரகத்தின் பெயரோடு வேர்ச்செடியின் பெயரையும் எழுதித் தரும்படி கேட்பது வாங்குவோரின் உரிமை. எழுதித் தர மறுக்கும் இடத்தில் வாங்காதிருப்பதே லாபம்.

நடவும் காவலும்

3 அடிக் கனசதுரக் குழி தோண்டி, மேல்மண்ணோடு 10 கிலோ தொழுவுரமும் 1 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். மண்கட்டி உடையாமல் கன்றைக் குழியின் நடுவே வைத்து, ஒட்டுவாய் தரைமட்டத்துக்கு மேல் அரை அடியேனும் நிற்குமாறு நட வேண்டும். ஒட்டுவாய் மண்ணுள் புதைந்தால் சப்போட்டாத் தண்டு தானே வேர்விடக்கூடும், ஈரம் தங்கி அழுகவும் கூடும். உடனே இரண்டு கழிகள் நட்டுக் காற்றில் ஆடாமல் கட்ட வேண்டும். முதல் இரண்டு மழைக்காலங்களில் இக்கழிகளைத் தவறாது புதுப்பித்தல் அவசியம்.

ஒட்டுவாய்க்குக் கீழே கிளம்பும் பாலாத் தளிர்களை இளமையிலேயே கிள்ளிவிட வேண்டும். கவனியாது விட்டால் வேர் ஊட்டும் நீரெல்லாம் அத்தளிருக்கே சென்று, மேலேயுள்ள சப்போட்டா பட்டுப்போகும். முடிவில் குடியானவர் சப்போட்டா நட்ட குழியில் பாலா மரம் ஓங்கி நிற்கும். நட்ட மூன்றாம் வருஷம் முதல் காய் பிடிக்கும். முன்னதாக வரும் பூவைக் கிள்ளிவிட்டு மரத்தைத் தழைக்கவிடுவது நன்று.

கிராம அதிகாரிகளுக்கு

இவ்வேலைக்கெல்லாம் மூலம் பாலா விதை. கல்குவாரிக்கும் மனைப்பிரிவுக்கும் மேட்டு நிலங்கள் மாறும் இந்நாளில் வரப்போரத்திலும் கோயில் தோப்பிலும் நிற்கும் பழைய பாலா மரங்களே நம் விதைக்களஞ்சியம். ஒதுக்குக் காட்டிலிருந்து விதையாயினும் பழமாயினும் அனுமதியின்றி எடுப்பது 1882-ஆம் வருஷத்து வனச்சட்டப்படி குற்றம். ஆகவே கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் தத்தம் கிராமத்துப் புறம்போக்கிலும் தோப்பிலும் உள்ள பாலா மரங்களை எண்ணிக் குறித்துவைத்து, அவை விறகுக்கு வெட்டப்படாமல் காத்தால், ஊராருக்கு விதை குறைவின்றிக் கிடைக்கும். ஒரு மரத்தை வெட்டினால் ஒரு நாள் விறகு. நிற்கவிட்டால் வருஷந்தோறும் பல தோட்டங்களுக்கு வேர்.

நினைவில் வைக்கத் தக்கவை

1. ஒட்டுக்கு உறவு வேண்டும். ஆனால் உறவு மட்டும் பொருத்தத்துக்குச் சாட்சியாகாது.

2. சப்போட்டாவுக்குச் சீமையிலுப்பை என்று பெயர் இருப்பினும் அதற்கு உகந்த வேர் இலுப்பையன்று, பாலாவே.

3. வெட்பாலை, ஏழிலைப்பாலை ஆகியவை பெயரளவில் மட்டும் பாலை.

4. பாலா நாற்றுக்கு 2 வருஷம் வேண்டும். 3 வருஷம் கழித்துத் தோட்டம் வைக்க எண்ணுவோர் இவ்வருஷமே விதை சேர்க்க வேண்டும்.

5. பாதி வெட்டில் வாடும் கிளையைத் தள்ளிவிட வேண்டும். தளிரின் இலையைக் கண்டு வேரை அறிந்த பின்னரே கன்று வாங்க வேண்டும்.

6. ஒட்டுவாயைப் புதைக்கலாகாது, கழி கட்டாமல் விடலாகாது, கீழ்த்தளிரை வளரவிடலாகாது.

இவற்றில் ஐயம் உள்ளோர் தங்கள் வட்டாரத்துத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகி, பாலா நாற்றின் இலையையும் ஒட்டுவாயையும் நேரில் கண்டு தெளிவு பெறலாம்.